கடைசிப் பக்கம் வரை அழுக்கு

சென்ட்ரலில் இருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு புத்தகத்தைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர் கிரீசு ஒருத்தர்தான். எந்தப் புத்தகத்தையும் அவர் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நான் பேக்கிங், அவர் ஃபிட்டர். நகக்கண்ணில் கிரீஸ் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவில்கூட மாலைக்குக் கீழே கை கறுப்பாகத்தான் தெரியும். அதனால் அந்தப் பெயர். வயசில் மூத்தவர் என்பதால் எழுத்தில் மரியாதை கொடுக்கிறேன். நேரில் வா, போதான்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை: அழுக்கை நம்பு. கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கும் விளக்கப் புத்தகம் ரெண்டு இருக்கும். ஒன்று மானேஜர் ரூமில் கண்ணாடி பீரோவுக்குள் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்னொன்று மெஷின் பக்கத்தில் கம்பியில் தொங்கும். மெஷின் நின்றால் கிரீசு தொங்குகிற புத்தகத்தைத்தான் புரட்டுவார். எந்தப் பக்கத்தில் விரல் ரேகை அதிகமோ, அங்கேதான் கோளாறுக்கு மருந்து என்பார். படத்தைப் பார்த்தால் போதும், படிக்க வேண்டாம். பாதி நேரம் மெஷினும் ஓடிவிடும்.

அதோடு நிறுத்தினாரா? கம்பெனிக்கு வெளியேயும் அதையே பிடித்துக்கொண்டார். நோயாளி உட்காருகிற ஸ்டூல் தேய்ந்திருந்தால்தான் அந்த டாக்டரிடம் காட்டுவார். ஸ்டூல் புதுசாக இருந்தால் காய்ச்சலோடு திரும்பிவிடுவார். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு பிள்ளையார் உண்டு. எது எண்ணெய் ஏறிக் கன்னங்கரேலென்று இருக்கிறதோ, அங்கேதான் தோப்புக்கரணம்.

"எல்லாம் ஒரே சாமிதானே கிரீசு" என்றேன் ஒரு நாள்.

"சாமி ஒண்ணுதான் மாமு. ஆனா இங்கதான் ஜனம் காரியம் சாதிச்சிகீது. இல்லாங்காட்டி இவ்ளோ எண்ணெய சும்மாவா ஊத்துவான்?"

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது.

ரிட்டையர் ஆன பிறகு, சாயங்காலமானால் திருவொற்றியூர் கடலோரத்தில் கொட்டி வைத்திருக்கிற பாறாங்கல் மேல் ரெண்டு பேரும் உட்காருவோம். ஞாயிற்றுக்கிழமை அங்கேயே அவருக்கு போன் வரும், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஒரே பையன், கனடாவில் கம்ப்யூட்டர் வேலை. அம்மா இருந்தவரைக்கும் அம்மாதான் பேசுவாள். இவர் பின்னாலிருந்து "நானும் கேட்டன்னு சொல்லு" என்று கத்துவதோடு சரி. அந்தம்மா போய்ச் சேர்ந்த பிறகு போன் இவர் கைக்கு வந்தது. எந்த மெஷினையும் பிரித்து மாட்டுகிற கைக்கு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சாப்ட்டியாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுப்பா."

அதற்கப்புறம் எங்கள் ஊர் அலைச் சத்தம்தான் கனடாவுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிறு போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாமு, பையன் இன்னா வேலை பண்றான்னு கத்துக்கப் போறேன். அது தெரிஞ்சா அவங்கிட்ட நாலு வார்த்தை பேசலாம். வெப்பு புரோகிராமிங்காம். அட்வான்ஸ்டு."

"மொதல்ல சாதாரணமா ஒரு புக்கு வாங்கு."

"அவன் மேல்மாடியில கீறான். நான் வாசப்படியில நின்னுகினு இன்னாத்த பேசுறது?"

"அப்ப எந்த புக்குன்னு அவனையே கேளு."

"கேட்டா சிரிப்பான்" என்றார். அதற்கு மேல் பேச விடவில்லை.

முதலில் ஏசி போட்ட ஒரு புதுப் புத்தகக் கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் "ஃபிரன்ட் எண்டா சார், பேக் எண்டா?" என்று கேட்டாள். வெப்சைட்டில் நம் கண்ணுக்குத் தெரிகிற வேலை ஒன்றாம், பின்னால் தெரியாமல் நடக்கிற வேலை ஒன்றாம்.

"ரெண்டும் குடும்மா. நடுவுல ஏதாச்சும் இருந்தா அதையும் சேத்துக் குடு."

அவள் செங்கல் கனத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தாள். கிரீசு புரட்டினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், மூடினார்.

"இத யாருமே படிக்கலியேம்மா."

"புது புக்கு சார்."

"அதான் நானும் சொல்றேன்."

அடுத்து மூர் மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் கடை. அங்கே அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மூடினபடி ஓரத்தை மட்டும் பார்த்தார். ஆள் படித்த இடம்வரை ஓரம் கறுத்திருக்கும், படிக்காத இடம் வெள்ளையாக இருக்கும். எடுத்த புத்தகம் எல்லாவற்றிலும் மூன்றாம் பாடத்தோடு கறுப்பு நின்றுபோயிருந்தது.

"பாரு மாமு. விம்கோ நகருக்கு டிக்கெட் வாங்கிட்டு எல்லாரும் பாதி வழியில கல்மண்டபத்துலயே எறங்கிகீறான். கடைசி வரைக்கும் போனவன் புக்குதான் எனக்கு வோணும்."

கடைக்கார பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நைனா, புக்கு அழுக்கா கீதுன்னு வெலைய கொறைக்கச் சொல்றவன பாத்துகீறேன். அழுக்கு பத்தலன்னு திருப்பிக் குடுக்குறவன இப்பதான் பாக்குறேன்."

வாரா வாரம் போனோம். பாய்க்கு நாங்கள் டீ குடிக்க வருகிற உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். நான் வெள்ளிக்கிழமைகளில் வடிவுடையம்மன் சன்னதியில் நின்று எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. "தாயே, அந்த அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பேச ஒரு விஷயத்தைக் கொடு. அது புத்தகமாகத்தான் இருக்கணும் என்றில்லை" என்று வேண்டினேன். கடைசி வரி, வாரா வாரம் அலைந்த என் முழங்கால் வலிக்காகச் சேர்த்தது.

ஒரு ஞாயிறு பாய் தூரத்திலேயே கையைத் தூக்கினார். "வா நைனா, உன் அழுக்கு வந்துடுச்சி."

அம்மிக்கல் மாதிரி ஒரு புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பழுப்பு. கிரீசு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எவனோ மகராசன் முழுசா போய் சேந்துகீறான் மாமு." பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கடற்கரைக் கல்லில் உட்கார்ந்து சாமி கும்பிட்டுவிட்டுத் திறந்தார். காற்று என் பக்கம் அடித்தது. எனக்கு வாசனை வந்தது. பெருங்காயம், மிளகாய்ப்பொடி.

"கிரீசு, கோச்சிக்காத. இது படிச்ச அழுக்கு இல்ல."

"பின்ன?"

"பஜ்ஜி."

எந்தக் கடையிலோ பஜ்ஜித் தட்டுக்கு அடியில் அதைப் போட்டிருக்கிறார்கள். எண்ணெய் ஒவ்வொரு தாளாக இறங்கிக் கடைசி வரைக்கும் போயிருக்கிறது. அட்டையில் வாழைக்காய் வட்டம்கூடத் தெளிவாக இருந்தது. கிரீசு அந்த வட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். அதுவரை அவர் முகத்தில் அப்படி ஒரு தோல்வியை நான் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

சாப்பாட்டு விசாரணை முடிந்தது. அலைச் சத்தம் ஆரம்பித்தது. திடீரென்று கிரீசு, "ஏண்டா, ஒரு புக்கு வாங்கி ஏமாந்துட்டேண்டா" என்றார். ஏசி கடை, பாய், புத்தகத்தின் பேர், பஜ்ஜி எல்லாவற்றையும் கொட்டினார். அந்தப் பக்கம் பையன் சிரித்த சிரிப்பு பக்கத்துக் கல்வரை கேட்டது.

"அப்பா, அந்த புக்கு நான் காலேஜ் சேர்றப்பவே பழசுப்பா. உனக்கு எதுக்குப்பா இது?"

"நீ இன்னா பண்றேன்னு எனக்கு தெரியலியேடா."

சிரிப்பு நின்றது. பையன் குரல் மெதுவாக வந்தது. "ஜனம் ஒரே நேரத்துல வெப்சைட்ட தொறந்தா ஒரு மெஷினு தாங்காதுப்பா. அடுத்த மெஷினுக்கு மாத்தி வுடணும். அத பாத்துக்கறதுதான் என் வேலை."

"அட, ஸ்டாண்ட்-பை மெஷினு. நின்னு போச்சின்னா உன்னத்தான் திட்டுவானா?"

"என்னத்தாம்பா. தூங்கினு இருந்தாலும் எழுப்பித் திட்டுவான்."

"எனக்கும் அதேதாண்டா. ரிட்டையர் ஆற வரைக்கும்."

"நீ சொன்னதே இல்லியேப்பா."

"நீ கேட்டதே இல்லியேடா."

நான் எழுந்து நாலு கல் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். இருட்டும் வரை அவர் பேசி முடிக்கவில்லை.

அதற்கப்புறம் ஞாயிறு மட்டும் போதவில்லை, தினமும் போன். போன வருஷம் பையன் லீவில் வந்து, அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே பனி தள்ளுகிற மெஷின்களில் எது அதிகம் துருப்பிடித்ததோ அதைத்தான் வாங்க வேண்டுமென்று அடம்பிடிக்கிறாராம். பையன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

நான் கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அழகில்லை. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் எந்தக் கல்லில் உட்காருவது என்றே தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறேன். வெள்ளிக்கிழமை சன்னதியில் நின்றால் வாய்வரைக்கும் ஒரு வேண்டுதல் வருகிறது. விழுங்கிவிட்டு, அந்த ஊரில் குளிரைக் கொஞ்சம் குறைத்துக் கொடு தாயே என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன்.