இனமானமும் கடைசி மீன் ரோல்ஸும்

மடுல்சீமை மலைமுகட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவனும், பனிமூடிய அதிகாலைப் பேருந்தின் மிதிபலகையையே தேர்த்தட்டாகக் கொண்டு நாள்தோறும் பதுளை மாநகர் புகுபவனும், கரும்பலகை மீது கண்டங்கள் ஏழையும் கண்ணிமைப்பில் வரைந்து காட்டும் புவியியற் பேராசானும், தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாயிற்றென்று தாய் விரைந்தோடிவிட ரொட்டி சுடாத அடுப்பை ஏக்கத்தோடு நோக்கியபடி வீடு நீங்கியவனுமாகிய நிஷாந்த் என்னும் மாவீரனை முதற்கண் வணங்குவோம். அன்று அவனுக்கு நல்ல பசி.

ஆசிரியர் ஓய்வறையின் நீள்மேசைக்கு அப்பால், வடபுலத்து வெயிலில் விளைந்தவரும், வெண்சட்டை மடிப்புக் கலையாதவரும், முக்கோணங்கள் அனைத்தையும் அடக்கியாண்ட கணிதக் கோமானுமாகிய கனகரத்தினம் சேர் வீற்றிருந்தார். இரு பெரும் சேனைகட்கும் நடுவே, பீங்கான் தட்டென்னும் வெண்களத்தில், பொன்மேனியும் மிளகு மணமும் மீன் திணித்த வயிறுமாக ஒரேயொரு ரோல்ஸ் மிஞ்சிக் கிடந்தது. இடைவேளை முடியப் போகிறது.

எடுத்துத் தின்பதற்கு என்ன தடை என்று கேட்பீர். தடை வேறெதுவுமில்லை, இனமானம்தான். தட்டு நிறைந்திருந்த வேளையில், ஆளுக்கு ஒன்றை மென்றபடியே இருவரும் வழக்கமான வாதப்போரைத் தொடங்கியிருந்தனர்.

"தம்பி, உங்கட தோட்டத்து ஆக்கள் நாளைக்கெண்டு ஒண்டும் மிச்சம் வைக்க மாட்டினம்" என்று கனகரத்தினம் சேர் பிரகடனம் செய்தார்.

"உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க ஓசியில கெடச்சா ஒண்ணையும் விட மாட்டாங்க, சேர்" என்று நிஷாந்த் மறுமுழக்கம் செய்தான்.

இம்மாபெரும் சித்தாந்தங்களின் அடித்தளத்தையும் சொல்லிவிடுகிறேன். கனகரத்தினம் சேர் ஹாலிஎலவில் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்து வீட்டு அழகர் தீபாவளிக்குக் கைக்காசு முழுவதையும் வெடியாய் வெடித்துத் தீர்த்ததைக் கண்டார். மலையகத்தார் அனைவரையும் அளந்துவிட்டார். நிஷாந்தோ, கல்லூரிக் காலத்தில் தங்கியிருந்த வீட்டின் யாழ்ப்பாணத்து உரிமையாளர், ஒருமுறை வடித்த தேயிலையிலேயே மறுமுறையும் சாயம் வடித்துத் தனக்குக் கொடுத்ததைக் கண்டான். தேயிலை நாட்டில் பிறந்தவனின் நெஞ்சு பொறுக்கவில்லை. ஒருவர் கண்டது ஒரு மனிதனை, மற்றவர் குடித்தது ஒரு கோப்பைத் தேநீரை. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

ஆதலின் பொறி இரு பக்கமும் பூட்டிக்கொண்டது. நிஷாந்த் கை நீட்டினால், ஊவா மலைத்தொடர் முழுவதும் வாழும் அவனது மக்கள் யாவரும் மிச்சம் வைக்கத் தெரியாதவர்கள் என்பது நிரூபணமாகும். கனகரத்தினம் சேர் கை நீட்டினால், பருத்தித்துறை தொட்டு யாழ்ப்பாணத்தார் அனைவரும் ஓசிக்கு அலைபவர்களாவர். பசித்தது ஒரு வயிறு. அதற்குக் காவல் நின்றதோ ஓர் இனம். பாவம் நிஷாந்த், அவன் கொழுந்துக்கூடை சுமந்தவர்களின் மானத்தையும் சேர்த்தல்லவா சுமந்துகொண்டிருந்தான்.

போர் மூண்டது. நிஷாந்தின் வயிற்றினின்று முரசொலி எழ, அதை மறைக்க அவன் இருமினான். அவன் எச்சில் விழுங்கியதைக் கண்ட கனகரத்தினம் சேரின் இதழோரம் வெற்றிப் புன்னகை அரும்பிற்று. அத்தருணம் வான்வழி வந்த ஈயொன்று களத்தைச் சுற்றி வட்டமிட, தம்மை மறந்த சேர், கோப்பைத் தட்டை எடுத்து ரோல்ஸின் மீது குடைபோற் கவிழ்த்தார். வீட்டுக்குக் கொண்டுபோகப் பொத்தி வைக்கிறீர்களா என்று நிஷாந்த் பணிவோடு வினவினான். சேர் தீச்சுட்டாற்போல் கையை இழுத்துக்கொண்டார்.

மணியடிக்க ஆயத்தமாகிய மாணவத் தலைவி முற்றத்தைக் கடந்தாள். நிஷாந்தின் வலக்கை, வில்லினின்று விடுபடத் துடிக்கும் கணையென எழுந்து, மேசையின் பாதியைக் கடந்து, தட்டின் விளிம்பை அணுகி, தண்ணீர்க் கோப்பையைப் பற்றியது. அவன் தண்ணீர் குடித்தான்.

அப்போது இஸ்லாமியச் சோனகர் குலத்து விஞ்ஞான ஆசிரியை ரிஸ்கா உள்ளே வந்தார். கவிழ்த்த தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருக்கும் வாணாமா? அப்ப நான் எடுக்கிறேன்."

இரு வீரரும் வேண்டாமென்று ஒருசேரத் தலையசைத்தனர், ஏனெனில் வேண்டுமென்பது தோல்வி. ரிஸ்கா ரோல்ஸைக் கடித்துக்கொண்டே வகுப்புக்குப் போனார். மணி ஒலித்தது. புழுதி அடங்கிய களத்தில், பகை மறந்த மன்னரிருவரும் வெற்றுத் தட்டை நெடுநேரம் நோக்கி நின்றனர்.

"இந்தச் சோனக ஆக்களே இப்பிடித்தான், தம்பி. சாப்பாட்டைக் கண்டா விட மாட்டினம்."

"ஆமாங்க சேர்" என்றான் நிஷாந்த். அவர்கள் ஒருமித்த கருத்துக்கு வந்தது அதுவே முதன்முறை. வடக்கும் மலையகமும் தோளோடு தோள் சேர்ந்து, தலை நிமிர்ந்து, வகுப்பறை நோக்கிப் படை நடந்தன.

ரோல்ஸ் எல்லாவற்றையும் அன்று காலையில் வீட்டில் பொரித்துக் கொண்டுவந்தவர் ரிஸ்கா டீச்சர்.