கசங்காத சட்டை

மூன்றாவது பருத்தித் துண்டும் மெஷினிலிருந்து வெளுத்துப்போய்த்தான் வெளியே வந்தது.

மருமகள் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய எண் ஏழு, காய்ச்சல்காரன் உதடு மாதிரி இருந்தது.

"முதல் நாளே சொன்னேனேக்கா," என்றார் மெஷின் கடைக்காரர். "காகிதத்துல படம் போட்டுத் துணிமேல வச்சு அழுத்தினா, சூட்டுல மை ஆவியாகி நூலுக்குள்ள போகும். பாலியஸ்டர் நூல்தான் உள்ள விடும். பருத்தி வாசல்லயே நிறுத்திடும்."

"எங்க மாமா மாதிரி."

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் சூடு ஏத்திப் பாருங்க."

ஏற்றினார். இந்த முறை வெளுப்பு போய்க் கருகல் வந்தது.

அவள் கணவனுக்கு வேலை போய் எட்டு மாதம். அன்றிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். அவள் தையல் மெஷினை மிதித்துத்தான் அடுப்பு எரிந்தது. அப்படியிருக்கும்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், "இருபத்திரண்டு ஜெர்சி வேணும். வாரக் கடைசிக்குள்ள மாதிரி காட்டினா ஆர்டர் உனக்கு. இல்லேன்னா வேற இடம்," என்றார். அச்சடிக்கும் மெஷினை வைக்க ஒரே இடம், மாமனாரின் துணிக்கடைப் பின்னறை. அந்தக் கடை வாசலில் முப்பது வருடமாக ஒரு பலகை தொங்கியது: 'சுத்தப் பருத்தி மட்டும்.'

"தாராளமா வச்சுக்கோம்மா," என்றார் மாமனார். "ஆனா பாலியஸ்டர் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது. ஜெர்சியானாலும் பருத்தியிலதான் அடிக்கணும்."

"பருத்தியில ஏறாதாம் மாமா."

"ஏறலேன்னா அது மெஷின் கோளாறு. நல்ல மெஷினா பாரு."

அவள் மெஷின் மெஷினாகப் பார்த்தாள். சின்ன மெஷினில் வெளுத்தது. பெரிய மெஷினில் கருகியது. மூன்றாவதாக வேறொரு கடைக்காரர், பருத்தியையும் வழிக்குக் கொண்டுவரும் என்று ஒரு மருந்தைத் தெளித்து அழுத்திக் கொடுத்தார். நிறம் ஏறியது. ஆனால் துணி தகரமாகிவிட்டது. தட்டினால் சத்தம் கேட்டது.

"இதைப் போட்டுக்கிட்டு ஓட வேண்டாம், எதிர்ல வர்றவன்மேல மோதினாலே போதும்," என்றான் கணவன், சுவரிடம்.

மாமனார் அந்தத் தகரத்தை விரலால் ஒதுக்கினார். கடையில் கூட்டம் இல்லை. காலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

"என் சட்டையைப் பாரு," என்றார் மாமனார். தினமும் சொல்வதுதான். "காலையில போட்டது. ஒரு கசங்கல் இருக்கா? மழையில நனைஞ்சா அரை மணியில காயுது. இதுதாம்மா பருத்தி. தொட்டாலே எனக்குத் தெரியும்."

அந்த வெள்ளைச் சட்டைகளை மாமியார்தான் தைப்பார், அவரேதான் துவைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். புதன்கிழமை சாயங்காலம் அவர் ஒரு சட்டையின் அடி ஓரத்தை மாய்ந்து மாய்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். கடுகளவு நீலப் புள்ளி.

"எந்தப் பேனாவோ தெரியலை. எவ்வளவு சோப்பு போட்டும் போக மாட்டேங்குது."

"குடுங்க அத்தை, நான் தேய்க்கிறேன்."

"வேண்டாம், வேண்டாம்!" என்று மாமியார் சட்டையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, வாத்தியார் சொன்ன கெடுவுக்கு முதல் நாள், விடாமல் மழை. மாமனார் குடையை எடுத்தார்.

"வாம்மா. அந்த மெஷினை நானே பாக்குறேன்."

கடைக்காரர் அவளைக் கண்டதும் உள்ளே போகப் பார்த்தார். பின்னால் மாமனாரைக் கண்டு நின்றுவிட்டார்.

"இவ கொண்டுவந்தது ஈரம் குடிச்ச துணி," என்றார் மாமனார். மளமளவென்று சட்டையைக் கழற்றினார். உள்ளே பனியனில் இரண்டு ஓட்டை. "இதுல அடி. இதுல ஏறலேன்னா நான் வாயை மூடிக்கிறேன்."

"ஐயா, இதுலயா?"

"அடின்னா அடி."

மெஷின் மூடியது. மருமகள் கண்ணையும் மூடிக்கொண்டாள். திறந்தபோது சட்டையின் முதுகில் எண் ஏழு, இப்போதுதான் அறுத்த காயம் மாதிரிச் சிவந்து நின்றது.

"பாத்தியா? மெஷினும் சரியா இருக்கணும், பருத்தியும் என் பருத்தியா இருக்கணும். இதையே எடுத்துக்கோ. சின்னதுல ஜெர்சி முன்பக்கம் முழுசா அடங்காது. ரோலர் வச்ச பெரிய மெஷினுக்கு நம்ம கடைக் கரண்ட் தாங்காது. இதுதான் தோது."

இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாள். சந்தோஷத்தில் அதை மறந்தும் போனாள்.

அவர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் நடந்து வீடு வந்தார். கணவன் எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சுவரைவிட்டுத் திரும்பினான். "அப்பா எந்த டீம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் புரண்டான்.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மருமகளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அது பாலியஸ்டர்டி."

"அத்தை!"

"பன்னெண்டு வருஷமா அதுலதான் தைக்கிறேன். தோள்பட்டை போனப்புறம் பருத்திக்கு இஸ்திரி போட முடியலை. அவர்கிட்ட போய் முடியலைன்னு எப்படிச் சொல்றது? நல்லவேளை, அவருக்கு விரல்ல உணர்ச்சி மழுங்கிப் போச்சு. தெரிஞ்சா உயிரை விட்டுடுவார்."

"அப்போ ஜெர்சித் துணிக்கு என்ன பண்றது?"

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அதையும் பருத்தின்னே சொல்லு. என் பொய் பன்னெண்டு வருஷமாத் தனியாக் கிடக்கு. துணைக்கு ஒண்ணு இருக்கட்டும்."

மறுநாள் காலையில் பாலியஸ்டர் சுருள் கடை வாசற்படியைத் தாண்டியது. மாமனார் ஓரத்தை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நெடுநேரம் தேய்த்தார். முகர்ந்தார். பெண்கள் இருவரும் அந்த விரல்களையே பார்த்தார்கள்.

"சுத்தப் பருத்தி," என்றார்.

"விரல் செத்தே போச்சு, பாவம்," என்று மாமியார் முணுமுணுத்தார். மருமகள் மாமனாரின் கையைப் பார்த்தாள். ஊருக்கே துணி பார்த்துச் சொன்ன கை. அதை ஏமாற்றித்தானா பிழைக்க வேண்டும்?

பத்து மணிக்குக் கடைக்காரர் மெஷினைக் கொண்டுவந்து பின்னறையில் பொருத்தினார். முன்னால் மாமனார், வராத வாடிக்கையாளருக்காகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். மருமகள் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து அந்தச் சட்டையைத் தொட்டதுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. எங்க மாமாகிட்ட ஏன் சொல்லலை?"

கடைக்காரர் திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னார்:

"அவர்கிட்ட நான் என்னக்கா சொல்றது? செவ்வாய்க்கிழமையே தனியா வந்து, 'இது பாலியஸ்டர், என் வீட்டுக்காரி எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா, ஓரமா ஒரு நீலப் புள்ளி வச்சு ஏறுதான்னு பாரு'ன்னு எனக்குச் சொன்னதே அவர்தானே!"