வாசல் மெஷினிடம் காரணம் கேட்டேன்

சட்டத் துறை ஆபீசில் வேலை பார்க்கும் என் தம்பி மகளுக்கு, அத்தை ஆயிரம் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர. எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேரானது: ஜெயித்துவிட்டேன்!

எங்கள் குடியிருப்பு வாசலில் காவலாளியை அனுப்பிவிட்டு, முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷினை வைத்தார்களே, அது பால்காரனுக்குத் திறக்கிறது, பூனைக்குக்கூடத் திறக்கிறது, நான் வந்தால் மட்டும் சிவப்பு விளக்கைப் போட்டு, 'ஆபத்தான நபர், வீட்டார் யாராவது வந்து அழைத்துச் செல்லவும்' என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறது. பகலில் வீட்டில் இருப்பது யார்? முதல் மாடியில் என் ஓரகத்தி ஒருத்திதான். என் மகள் பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து, "மூக்கு அப்பன் மூக்கு, பாவம்" என்றவள். "இதோ தர்றேன்க்கா" என்று என் குடையை வாங்கிப்போய், அந்த மூக்குக்குக் கண்ணாடி வந்த பிறகும் தராதவள். அவளிடம் போய் 'நான் நல்லவள்னு சொல்லு' என்று கெஞ்சுவேனா? மழையில் நின்றேன். மேலே அவள் பால்கனியில் என் குடை தொங்குகிறது.

அப்போதுதான் நீ டைப் அடித்ததாகப் போனில் சொன்ன புதுச் சட்டம் நினைவுக்கு வந்தது. மெஷின் ஒருத்தரைத் தள்ளிவைத்தால் காரணம் கேட்கலாம், மனிதரே மறுபடி விசாரிக்க வேண்டும் என்றாயே! நனைந்த தலையோடு நேரே இந்த மெஷின் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தார்: "தினமும் முதல் மாடியை முறைக்கிறார், கையை ஓங்குகிறார், தனியாகத் திட்டுகிறார். ஏம்மா, இதெல்லாம் பொய்யா?"

"சத்தியமா உண்மைய்யா. ஆனா பாதி உண்மை. முறைச்சேன்னு இருக்கு, எதுக்கு முறைச்சேன்னு இருக்கா? குடையைப் பத்தி ஒரு வரி உண்டா?"

"இல்லையே."

"அப்ப நான் சொல்றேன், எழுதிக்குங்க."

மூக்கிலிருந்து ஆரம்பித்தேன். அவருடைய டீ ஆறியது, சாப்பாட்டு நேரமும் போனது. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "போதும்மா, நீங்க ஆபத்தில்ல. அந்தக் குடைதான் ஆபத்து" என்றார். மெஷினை ஒரேயடியாகக் குறை சொல்லமாட்டேன். மூன்றாம் மாடிக்காரர் படியில் மயங்கி விழுந்தபோது முதலில் மணியடித்தது அதுதான், மனுஷங்க எல்லாம் டிவி பார்த்துட்டு இருந்தாங்க. மணியடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும். யாரு நல்லவ, யாரு கெட்டவன்னு தீர்ப்பு சொல்ல அது யாரு? உத்தரவு வந்துவிட்டது: இனி வாசலில் மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும்! வாசலில் நின்றே சத்தமாகப் படித்தேன், பள்ளிவிட்டு வந்த என் பேத்தி கைதட்டினாள். முதல் மாடியில் ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது. காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

சட்டம் போட்டவர்கள் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும். டைப் அடித்த உன் விரலுக்கு ஒரு நாளும் வலி வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து வீட்டுக்குள் நுழையப்போகும்
உன் அத்தை

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். வாசலுக்கு மனிதரைப் போட்டுவிட்டார்கள். ஓரகத்தியின் மருமகன். "எங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திறக்கிறேன் பெரியம்மா" என்கிறான். மெஷினைத் திரும்பக் கொண்டுவர எந்தச் சட்டம் என்று உடனே எழுது. இன்னொன்று, மழைக்கு அவன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் குடை.