கர்னல் என்னும் கிடா யார் எல்லையில் நின்றது

முர்ரே ஆற்றில் தண்ணீர் முழுக்க வடகரை மாநிலத்துக்குச் சொந்தம். தென்கரை மாநிலம் கரைப்புல்லோடு முடிந்துவிடும். இது நொரீனுக்குத் தெரியும். அவளுடைய கிடா கர்னலுக்குத் தெரியாது.

தென்கரையில் மேய்ந்துகொண்டிருந்த கர்னலைப் பட்டப்பகலில் பக்கத்துப் பண்ணை கிளைவ் இழுத்துப்போய், கரையோரம் கட்டியிருந்த தன் படகில் ஏற்றினான். ஏற்றியவன் படகிலிருந்த அடுப்பில் கரியும் போட்டான். மந்தைக்கே ஒரே கிடா. அது போனால் அடுத்த வருஷம் குட்டி கிடையாது. நொரீன் ஓடிப்போய்த் தென்கரைக் காவலர் பிரென்டனைக் கூட்டிவந்தாள்.

பிரென்டன் பூட்ஸ் நனையாமல் எட்டிப் பார்த்தார்.

"கிடா படகுல நிக்குது. என் அதிகாரம் இந்தப் புல்லோட சரி."

"திருடினது இந்தப் புல்லுலதானே?"

"திருட்டு இங்க, திருடன் அங்க. ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா நான் சும்மா இருப்பேனா?"

வடகரைக் காவலர் டெரன்ஸ் மோட்டார் படகில் வந்தார். உயிர்காப்புச் சட்டை போடாமல் கிடாவை ஏற்றியதாகக் கிளைவுக்கு அபராதம் போட்டார்.

"அப்போ திருட்டுக்கு?"

"ஏத்தினது ஒரு தடவைதானே? ஒரு செயலுக்கு ரெண்டு தண்டனை குடுத்தா அநியாயம், அம்மா."

"நான் தண்டனைய அனுபவிச்சுட்டேன் நொரீன், இன்னும் என்ன கோவம்?" என்றான் கிளைவ், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

இரு பக்கத்திலிருந்தும் வந்து கரையில் கூடியிருந்தவர்கள் பீர் புட்டியைக் கீழே வைக்காமல் "ஐயோ பாவம்" என்றார்கள்.

நொரீனுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரில் இறங்கிக் கயிற்றை அவிழ்த்துக் கர்னலைக் கரைக்கு இழுத்துவந்தாள்.

இரண்டு மாநிலங்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன.

"அவுத்தது தண்ணியில, என் கேஸ்!" என்றார் டெரன்ஸ்.

"கரையேத்தினது புல்லுல, என் கேஸ்!" என்றார் பிரென்டன்.

"என் கிடாவ நானே எடுத்தா திருட்டா?"

"உங்க கிடான்னு எந்தக் கோர்ட் சொல்லுச்சு?" என்றார் பிரென்டன்.

நொரீன் டெரன்ஸ் பக்கம் திரும்பினாள். "ஒரு செயலுக்கு ஒரு தண்டனைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"இறங்கினது ஒண்ணு, அவுத்தது ஒண்ணு, இழுத்தது ஒண்ணு. எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

மாநில நல்லிணக்கத்தை முன்னிட்டு வழக்கை இருவரும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். சாட்சிப் பொருளான கிடா, தீர்ப்பு வரும்வரை, அபராதம் கட்டி நாணயத்தை நிரூபித்திருந்த கிளைவிடம் ஒப்படைக்கப்பட்டது. நேரில் பார்த்தவர்கள் யார் என்று கேட்டதும் கரையிலிருந்த அத்தனை கையும் உயர்ந்தது.

வாக்குமூலம் எழுதி முடிப்பதற்குள் எல்லோருக்கும் பசி எடுத்துவிட்டது. கரியும் நன்றாகக் கனிந்திருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிப் பொருளைத் தொடக் கூடாது என்பதால் நொரீனுக்கு மட்டும் தட்டு வைக்கவில்லை. மற்றபடி, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்பதில் இரு கரைச் சாட்சிகளுக்குள்ளும் துளி முரண்பாடு இல்லை.