இரண்டாவது நிலையம் உறுதி செய்கிறது

"நீ ஏறித்தான் ஆகணும்," என்றார் வானிலை அதிகாரி.

"காத்து இப்படி அடிக்கிறப்போ கோபுரத்துல யாரும் ஏறக்கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டதே நீங்கதானே சார்? காத்து நிக்கட்டும், ஏறுறேன்," என்றார் டெக்னீஷியன்.

"காத்து நின்னுட்டா காத்துக்காட்டியைச் சரி பண்ணி என்னய்யா பிரயோஜனம்?"

"அதான் சார், ஏறவே வேணாம்னு பார்க்கிறேன்."

அணுமின் நிலையத்தின் அவசரகால அறை அது. அன்றைக்குப் பாதுகாப்பு ஒத்திகை. அணு உலையிலிருந்து கதிர்வீச்சு கசிந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று வானிலை அதிகாரி சொல்வார். அதற்கு எதிர்ப்பக்கமாக ஜனங்களைத் திரட்டி உட்கார வைப்பார்கள். ஆய்வுக்குழு வந்து பார்த்து மதிப்பெண் போடும்.

ஆனால் கோபுரத்து உச்சியில் இருந்த காற்றுக்காட்டி காலையிலிருந்தே மக்கர். வெளியே போய் வந்த டெக்னீஷியனின் தலைமுடி துடைப்பம்போல் நட்டுக்கொண்டு நின்றது. காற்றின் திசைக்கான திரையில் இருந்த அம்புக்குறியோ ஊர்ப் பக்கம் காட்டியபடி தியானத்தில் இருந்தது.

"சரி, நீதானே வெளியில போயிட்டு வந்தே? எந்தப் பக்கம் அடிக்குது?"

"எல்லாப் பக்கமும்தான் சார். கட்டடத்துக்கு நடுவுல சுத்திச் சுத்தி அடிக்குது."

எட்டிப் பார்க்கலாம் என்றால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விபத்து நேர்ந்தால் வெளிக்காற்று உள்ளே வந்துவிடக் கூடாது என்று சுற்றிலும் அடைத்துக் கட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளிக்காற்றைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தத் திரை.

மேலாளர் உள்ளே நுழைந்தார். அம்பைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்னய்யா ஊர்ப் பக்கம் காட்டுது? ஊர்ப் பக்க மைதானத்துலதான் பந்தல் போட்டிருக்கு. நாற்காலி போட்டாச்சு, மைக் வெச்சாச்சு. காத்து கடல் பக்கம்தான் போகணும்."

"சார், காத்துக்காட்டி சிக்கிக்கிட்டு நிக்குது. நிஜமா எந்தப் பக்கம் போகுதுன்னு…"

"சிக்கிக்கிச்சா? ரொம்ப நல்லதாப் போச்சு. கையால டைப் பண்ணு. கடல் பக்கம்."

"ஆனா சார், காத்து…"

"காத்தை மாத்துறது சுலபம்யா. பந்தலை மாத்த முடியுமா?"

வானிலை அதிகாரி 'கடல் பக்கம்' என்று டைப் செய்தார். அம்பு சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. ஆய்வுக்குழுத் தலைவி வந்து உட்கார்ந்ததும் ஒத்திகை தொடங்கியதாக அறிவித்துக் கதவை இறுக்கிச் சாத்தினார்கள். இனி முடியும்வரை ஒரு ஈகூட வெளியே போக முடியாது.

வானிலை அதிகாரிக்குச் சந்தேகம் விடவில்லை. காற்று நிஜமாகவே ஊர்ப் பக்கம் போனால்? ஒத்திகை என்பதால் தப்பித்தோம், ஒருநாள் உண்மையாகவே கசிந்தால்? மூலைக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டார். நிலையத்தின் கேட்டுக்கு எதிரே இருந்த ஊழியர் குடியிருப்பில்தான் வீடு. எடுத்தது மைத்துனன். வேலை தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டு, அக்கா வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவன்.

"மாப்ளே, ஒரு உதவி. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துச் சொல்லேன்."

"இருங்க அத்தான்." சோபா கிறீச்சிடும் சத்தம் கேட்டது. "கடல் பக்கம்."

"நல்லாப் பார்த்தியா?"

"பளிச்சுன்னு தெரியுது அத்தான்."

வானிலை அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலாளர் எதைச் சொன்னாலும் நடக்கிறதே, இவர் சாதாரண ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது ஆய்வுக்குழுத் தலைவி எழுந்து திரை அருகே வந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"அம்பு கொஞ்சம்கூட அசையலையே? இவ்வளவு ஒழுங்கான காத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை."

மேலாளர் வானிலை அதிகாரியின் காதருகே குனிந்தார். "அசைச்சு விடுய்யா."

பதற்றத்தில் அவருக்குக் கொஞ்சமாக அசைக்கத் தெரியவில்லை. 'ஊர்ப் பக்கம்' என்றே டைப் செய்துவிட்டார். அம்பு ஒரே சுற்றாகச் சுற்றி நின்றது.

"காத்து திரும்பிடுச்சே!" என்றார் தலைவி. "அப்போ ஊர்ப் பக்க மைதானத்துல இருக்கிற ஜனங்க?"

மேலாளருக்கு வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "அனைவரும் கடற்கரை மைதானத்துக்கு உடனே செல்லவும்!"

பந்தல் நிழலில் அப்போதுதான் உட்கார்ந்த ஜனங்கள் வெயிலில் ஓடினார்கள். மேலாளரைத் திட்டிக்கொண்டே ஓடினார்கள். சிலர் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வானிலை அதிகாரி மறுபடி மூலைக்குப் போனார். "மாப்ளே, இப்போ?"

"திரும்பிடுச்சு அத்தான்! ஊர்ப் பக்கம்."

அவருக்குப் புல்லரித்தது. ஒருமுறை பலித்தால் தற்செயல், இரண்டாவது முறையுமா? டைப் செய்த விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இத்தனை வருட அனுபவத்தில் காற்று நமக்குக் கட்டுப்பட ஆரம்பித்துவிட்டது என்று உள்ளூர ஒரு பெருமிதம் பரவியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"மேடம், இரண்டாவது நிலையத்திலயும் கேட்டுட்டேன். ஊர்ப் பக்கம்தான்னு உறுதி செய்யறாங்க."

"இரண்டாவது நிலையமா?" தலைவியின் புருவம் உயர்ந்தது.

"குடியிருப்பில இருக்கு மேடம். தனி ஏற்பாடு."

மேலாளர் அவரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

அதற்குள் மேசைமேல் இருந்த வயர்லெஸ் அலறியது. கடற்கரை மைதானத்தில் நின்றிருந்த ஆய்வுக்குழு உதவியாளர் பேசினார். இருமலுக்கு நடுவே பேசினார் என்பதுதான் சரி.

"மேடம், அடையாளத்துக்காக உலை பக்கத்துல மஞ்சள் புகை போட்டோம்… அது நேரா… எங்க மேலதான் வருது! ஜனங்க எல்லாரும் மஞ்சளா நிக்கறாங்க!"

தலைவி மேலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"புகையில ஏதோ கோளாறு," என்றார் மேலாளர்.

"புகை எங்க வேணாலும் போகும் மேடம்," என்றார் வானிலை அதிகாரி. காற்றே கட்டுப்படுகிறது, புகைக்கு என்ன திமிர் என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அதுக்குப் பயிற்சி கிடையாது. எங்ககிட்ட இரண்டு நிலையம் இருக்கு. இரண்டும் ஒண்ணையேதான் சொல்லுது."

தலைவி யோசித்தார். "ரெண்டு நிலையமும் தனித்தனியாப் பார்த்து ஒரே முடிவைச் சொன்னா நான் ஒத்துக்கத்தான் வேணும். அந்த நிலையத்தைக் கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

வானிலை அதிகாரி தயங்கவில்லை. போன் மணி அடித்தது. எடுத்தாயிற்று.

"வணக்கம்," என்றார் தலைவி. "நான் ஆய்வுக்குழுத் தலைவி பேசறேன். உங்க தகவல் ரொம்பத் துல்லியமா இருக்கு, பாராட்டுகள். எந்தக் கருவியில பார்க்கறீங்க?"

"கருவியா? அதெல்லாம் எதுக்கு மேடம்?" என்றான் மைத்துனன் உற்சாகமாக. "அத்தானோட ஆபீஸ் கேட்லயே, காத்து எந்தப் பக்கம்னு சிவப்பு எழுத்துல போர்டு ஓடுதே! சோபாவுல படுத்துக்கிட்டே அதைப் பார்த்துத்தான் சொல்றேன்!"