பெண் பார்த்த வீட்டில் ஒரு ஆட்வெர்ப்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் உள்ள வறண்ட சீமையில் என் வயதுக்காரர்களுக்கு இங்கிலீஷ் வராமல் போனதற்கு மழை பெய்யாதது காரணமில்லை, அரசாங்கமும் காரணமில்லை. ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு மறந்துவிட்டது. ஊருக்கே மறந்துவிட்டது. ஆட்வெர்ப் மாஸ்டர் என்றால்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் பாளையம்பட்டி ரோட்டில் ஒரு சைக்கிள் கடை மாடியில் அவர் டுட்டோரியல் நடத்தினார். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டை விட்ட நாங்கள் சிலர் அங்கே போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் ஆட்வெர்ப் நடத்தினார். ஒரு வேலை எப்படி நடக்கிறது, எப்போது நடக்கிறது, எங்கே நடக்கிறது, எத்தனை தடவை நடக்கிறது என்று சொல்வதுதான் ஆட்வெர்ப் என்றார். பயபக்தியோடு எழுதிக்கொண்டோம். மறுநாளும் ஆட்வெர்ப். அடுத்த மாதமும் ஆட்வெர்ப்.

பொறுக்கமாட்டாமல் நான் கேட்டேன். "சார், மத்த பாடமெல்லாம் எப்ப சார்?"

"வெர்ப்பக் கழுதைகூடச் செய்யும்டா. கழுதையும் நடக்குது, நீயும் நடக்குறே. எப்படி நடக்குறேங்கிறதுலதான்டா நீ யாருன்னு இருக்கு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பரீட்சைக்கு உதவாது என்பது ஒன்றுதான் குறை.

புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் மண்டையில் ஏறாதாம், நடித்துப் பார்க்க வேண்டுமாம். ஒருவன் ‘ஸ்லோலி’ மாடிப்படி இறங்குவான், இன்னொருவன் ‘ஆங்ரிலி’ ஏறி வருவான். நடுப்படியில் இருவரும் முட்டிக்கொண்டு நிஜமாகவே சண்டை போடுவார்கள். ஒருநாள் எங்கள் எல்லோரையும் ‘ஸேட்லி’ இறங்கி ரோடு வரைக்கும் போய்வரச் சொன்னார். தலையைத் தொங்கப்போட்டு வரிசையாக இறங்கியவர்களைப் பார்த்துவிட்டு, சைக்கிள் கடைக்காரர் கையில் பம்போடு ஓடி வந்தார்.

"மேல யாருக்குப்பா என்னாச்சு? மாஸ்டரு நல்லாத்தான இருக்காக?"

யாரும் வாய் திறக்கவில்லை. சோகத்தில் பேசக் கூடாது என்பது மாஸ்டரின் உத்தரவு. அந்த நல்ல மனிதர் கடையைச் சாத்திவிட்டு மாலை வாங்கப் போய்விட்டார்.

எவனாவது தவறி ‘ஃபாஸ்ட்லி’ என்று சொல்லிவிட்டால் மாஸ்டர் முகம் செத்துப்போகும். "ஃபாஸ்டுக்கு ‘லி’ங்கிற வாலு கிடையாதுடா. அது அப்படியேதான் ஓடும்" என்பார். குரல் கம்மிவிடும். பெற்ற பிள்ளையை யாரோ கைநீட்டி அடித்துவிட்ட மாதிரி இருக்கும்.

வெளியிலும் இதே கூத்துதான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொன்னால், "பொலைட்லி கேளுய்யா" என்பார். ஒரு கண்டக்டர் விசிலை ஊதி அவரை நடுக்காட்டில் இறக்கிவிட்டார். மீதி தூரத்தை மாஸ்டர் நடந்தே போய்ச் சேர்ந்தார். எப்படி நடந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

பரீட்சை வந்தது. கேள்வித்தாளில் ஆட்வெர்புக்கு ஒரே ஒரு கேள்வி. மற்ற கேள்விகளை எல்லாம் நாங்கள் பரீட்சை ஹாலில்தான் முதன்முதலாகப் பார்த்தோம். மொத்த டுட்டோரியலும் பெயில். அதோடு டுட்டோரியலும் படுத்தது. பெஞ்சுகளைச் சைக்கிள் கடைக்காரர் எடுத்துக்கொண்டு அதன்மேல் பழைய டயர்களை அடுக்கினார். அந்த மாடிக்கு அப்போதுதான் ஒரு பிரயோசனம் வந்தது.

நான் அப்பாவின் வத்தல் கடையில் உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டரும் ரோட்டில் பார்த்தால் சிரிக்கிற அளவோடு நின்றுவிட்டார். அத்தோடு தொலைந்தது என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் என் அக்காவுக்கு விருதுநகரிலிருந்து மாப்பிள்ளை வந்தது.

அக்கா கல்யாணம் வருஷக் கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் வந்து பஜ்ஜி தின்று, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். அக்கா விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். இந்த மாப்பிள்ளை பேங்க் உத்தியோகம். நிறமும் உண்டு, உயரமும் உண்டு. இது மட்டும் தட்டிப்போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா அழுதுகொண்டே முறுக்குப் பிழிந்தாள்.

அப்பாவுக்கு அந்த நேரத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. "அவுக படிச்ச குடும்பம். நம்ம பக்கமும் ரெண்டு வார்த்த இங்கிலீஸ் பேச ஒரு ஆளு வேணும்ல. மாஸ்டரக் கூட்டிட்டு வா."

"அப்பா, என்னைப் பெயிலாக்குன ஆளு."

"நீ பெயிலானதுக்கு அவுக என்ன செய்வாக? போய்க் கூப்புடு."

போய்க் கூப்பிட்டேன். வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். "சார், வெல்கம்னு மட்டும் சொல்லுங்க. பெறகு கம்முனு இருங்க." மாஸ்டர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன் மூவரும் வந்தார்கள். மாஸ்டர் எழுந்து நின்று, "யூ ஆர் ஹார்ட்டிலி வெல்கம்" என்றார். வாலோடுதான் சொன்னார். போகட்டும் என்று விட்டேன். கேசரி வந்தது. அக்கா காபி கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள். மாப்பிள்ளை அழகாகச் சிரித்தார். அப்பாவுக்கு அப்போதே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி முகம்.

தாய்மாமன் காரச்சேவை மென்றுகொண்டே கேட்டார். "பொண்ணு அடக்கமா இருக்குமா?"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கும்னு கேக்குறீக. ரொம்ப நல்ல கேள்வி. எங்க பிள்ள அடக்கமாத்தான் இருக்கும். உங்க மாப்பிள்ளைக்குக் கோவம் வருமாங்க?"

"எம்மகனுக்குக் கோவமே வராதுங்க" என்றார் அந்த அம்மா.

"நெவர்?"

அந்த அம்மா மகனைப் பார்த்தார். "எப்பவாச்சும்... மனுசன்னா வராதா?"

"சம்டைம்ஸ். சரிங்கம்மா. வந்தா எப்படி வரும்?"

அப்பா இருமினார். நான் மாஸ்டரின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றிருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தன் அம்மா பக்கம் திரும்பிச் சத்தமே இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"எந்திரி."

வாய்க்குப் போன கேசரி பாதியில் நிற்க, அந்த அம்மா விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் டம்ளர் சாய்ந்து சூடான காபி கால்மேல் கொட்டியது. அந்த அம்மா காலைப் பார்க்கவில்லை. மகன் முகத்தைத்தான் பார்த்தார்.

மாஸ்டர் மெல்ல முணுமுணுத்தார். "சம்டைம்ஸ் இல்ல. ஆஃபன். அடிக்கடி வரும்."

அவர்கள் போன பிறகு வீடு இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. அப்பா மாஸ்டரைப் பார்த்து, "எம்மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீரேய்யா. வெளிய போம்" என்றார். மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு போனார். தட்டில் மிச்சமிருந்த கேசரியை நின்றபடியே முடித்துவிட்டுத்தான் போனார். எவ்வளவு கோபம் இருந்தாலும் அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அப்பா சட்டையை மாட்டினார். "நான் விருதுநகரு போய் அவுக கைய காலப் பிடிச்சாவது பேசிட்டு வாரேன்."

"வேண்டாம்ப்பா" என்றாள் அக்கா.

"ஏம்மா, பேங்க் வேல."

"அந்தம்மா எந்திரிச்சதப் பாத்தீகள்ல?"

அப்பா சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். விருதுநகர் பஸ் போனது. அதற்கு அடுத்த பஸ்ஸும் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்துத்தான் அக்காவுக்குப் பந்தல்குடியில் முடிந்தது. மச்சானுக்கு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. உத்தியோகமும் இல்லை, உயரமும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் எல்லாருக்கும் தண்ணீர் வைத்தாயிற்றா என்று திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான் அவரிடம் விசேஷம். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

மாஸ்டரை அதன் பிறகும் நான் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிற்பாடு கடையில் இருந்துகொண்டே யாரோ போட்ட கைடை மனப்பாடம் செய்து, மறுபடி பரீட்சை எழுதி இங்கிலீஷில் பாஸான அன்றைக்கு, அவர் வீட்டு வாசல் வழியாக வேண்டுமென்றே போனேன். "எப்படிடா பாஸ் பண்ணுன?" என்றார். அதற்கும் அதே கேள்வி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் காலையில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். முதல் மாலை அந்தச் சைக்கிள் கடைக்காரருடையது, இரண்டாவது என் அப்பாவுடையது. அக்கா பந்தல்குடியிலிருந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தாள். மச்சான் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்திருந்தார்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். "எப்படிடா போனாரு?" என்றாள்.

"பீஸ்ஃபுல்லி" என்றேன்.

என் வாழ்நாளில் நான் ஒரு ஆட்வெர்பைச் சரியான இடத்தில் போட்டது அன்றைக்குத்தான். கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.