ஒன்பதாம் துளை

சிதம்பரம் மறுபடியும் குனிந்து எண்ணினார். நான்கு. காலையில் வேலைக்குப் போகும்போது சைக்கிள் சீட்டை ஒன்பதாம் துளையில்தான் நிறுத்தியிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பினால் அது நான்காம் துளையில் இருக்கிறது.

"கமலா! யாரோ என் சைக்கிள்ல ஏறியிருக்காங்க!"

"யாரு ஏறப் போறா? பகல்ல வீட்டுல நான் ஒருத்திதான்."

"நீ ஏறினியா?"

"முருகன் மேல சத்தியமா நான் அதுல ஏறவே இல்லைங்க."

அது சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். நாற்காலி மாதிரி சீட்டு, முன்னால் பெடல். உடம்பின் பாரத்தை முதுகு வாங்கிக்கொள்ளும், முழங்கால் பிழைக்கும். அதைத் தேர்ந்தெடுக்க அவர் ஏழு கடை ஏறி இறங்கினார். சாங்கி விமான நிலையத்தில், எந்தப் பெட்டி விமானத்தின் எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் அவர். லிஃப்டை அளந்தார், வாசலை அளந்தார். டிவிக்கும், போர்க்காலப் பதுங்கலுக்கென்று கட்டி இப்போது மளிகை வைக்கும் ஷெல்டர் அறையின் மூடிய இரும்புக் கதவுக்கும் நடுவில் இருந்த இடத்தை இரண்டு முறை அளந்தார். சைக்கிள் கச்சிதமாகப் பொருந்தியது.

துளைதான் முக்கியம். பெடல் தூரப் போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். அவர் காலுக்கு அது ஒன்பது. சீட்டை முன்னால் தள்ளக் கை போதும். சீட்டு நகரும் தண்டவாளம் பின்பக்கம் மேடேறுவதால், பின்னால் கொண்டுவர ஏறி உட்கார்ந்து காலால் உந்த வேண்டும். நான்கில் மிதித்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். அன்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே மிதித்திருந்தார். வலது முழங்கால் 'கடக்' என்றது.

தைப்பூசத்துக்கு ஆறு வாரம்தான். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். டாக்டர் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார்: தினமும் அரைமணி மிதிக்க வேண்டும், எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. இரண்டாவதைக் கமலா பொறுப்பெடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு முறுக்குகூட அவர் கண்ணில் பட்டதில்லை.

மறுநாளும் நான்கு. சிதம்பரம் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தார். துளைக்குத் துளை மூன்று சென்டிமீட்டர். ஐந்து துளைக்குப் பதினைந்து.

"வந்த ஆளு நாலரை அடிக்கு மேல இருக்க முடியாது," என்றார் மகள் கவிப்ரியாவிடம்.

"அப்பா, நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கலாம் லா."

மீட்டரைப் பார்த்தார். சக்கரம் சுற்றும்போதெல்லாம் உள்ளே ஒரு காந்தம் உணரியைக் கடக்கும். அதைத்தான் மீட்டர் எண்ணும். தூரம் கொஞ்சமும் ஏறவில்லை. சிதம்பரம் மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"ஏறி உட்கார்ந்திருக்கான். ஆனா ஒரு சுத்துகூட மிதிக்கலை!"

"குட்டிச்சாத்தானா இருக்கும்," என்றாள் கவிப்ரியா.

எதிர்வீட்டு பரீதாவும் நாலரை அடிதான். அவரிடம் இவர்கள் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. சிதம்பரம் அளவு நாடாவோடு போய் நின்றார்.

"கொஞ்சம் சுவரை ஒட்டி நில்லுங்கம்மா. உயரம் பார்க்கணும்."

"எதுக்குண்ணே? என்னைக் கார்கோவுல போட்டு அனுப்பப் போறீங்களா?"

மாலையே சாவி திரும்பி வந்துவிட்டது.

அடுத்த நாள் சீட்டை ஒன்பதில் வைத்து, கனமான சங்கிலியால் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்தவர் வாசலிலேயே உறைந்து நின்றார். சீட்டு ஒன்பதில்தான் இருந்தது. ஆனால் நாற்பது கிலோ சைக்கிள் சமையலறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தரையில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

"கமலா! குள்ளன் பலசாலியா இருக்கான்!"

"கத்தாதீங்க. எனக்கே இடுப்பு பிடிச்சிருக்கு," என்றாள் கமலா, தைலம் தேய்த்தபடி.

சனிக்கிழமை, சைக்கிள் விற்ற கடையின் மெக்கானிக் சுஹைப் வந்தான். சிதம்பரம் சங்கிலியைக் கழற்றிவிட்டு, உத்தரவாத அட்டையைத் தேடிப் படுக்கையறைக்குப் போனார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தார்.

நான்கு.

அட்டை கையிலிருந்து நழுவியது. ஷெல்டரின் இரும்புக் கதவு வெளிப்பக்கமாக, சீட்டை உரசிக்கொண்டு திறந்து நின்றது. உள்ளே, மளிகைக்கு நடுவில் மூடி திறந்த முறுக்கு டப்பா. சுஹைப்பின் மடியில் ஒரு தட்டு. தட்டு நிறைய முறுக்கு.

"வீட்டுக்கு வந்த புள்ளைக்கு வெறும் டீயா குடுக்கறது?" என்றாள் கமலா, சுவரைப் பார்த்து.

"ஏறவே இல்லைன்னு சத்தியம் பண்ணினியே!"

"ஏறினியான்னுதானே கேட்டீங்க? தள்ளினியான்னு கேக்கலையே. முத நாள் பின்னால தள்ள மறந்துட்டேன். அப்புறம் தள்ளணும்னா ஏறணும். அதான் சத்தியம் பண்ணிட்டேனே!"

சுஹைப் கடித்ததை அவசரமாக விழுங்கினான்.

"குள்ளனும் இல்ல, சாத்தானும் இல்ல அங்கிள். சீட்டு ஒன்பதுல இருந்தா கதவு திறக்காது, அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிப் போட்டுடுங்க. கதவும் திறக்கும், நீங்களும் முறுக்கைப் பார்த்துக்கிட்டே மிதிக்கலாம்."